தொட்டிச் செடி, ஒரு பலகை, ஒரு மரக்கரண்டி: பெருமந்தக் கால மரச்செதுக்கு அச்சுக்கு ஓர் அறிமுகம்

பலகையில் வெள்ளையாகத் தெரியவேண்டிய இடங்களை உளியால் செதுக்கி எடுத்துவிட்டு, மிஞ்சி நிற்கும் மேட்டில் மை உருட்டி, மேலே தாளை வைத்துத் தேய்த்து எடுக்கும் படம்தான் மரச்செதுக்கு அச்சு. பள்ளத்தில் மை ஒட்டாது. அந்த இடம் தாளின் வெள்ளையாகவே நிற்கும். தொடாமல் விட்ட மரம் கறுப்பாக விழும். ரப்பர் ஸ்டாம்ப் வேலை செய்வதும் இப்படித்தான். பென்சில் பிடிப்பவர் வெள்ளைத் தாளில் கறுப்பைச் சேர்த்துக்கொண்டே போகிறார். உளி பிடிப்பவர் கறுப்புப் பரப்பிலிருந்து வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுக்கிறார். கண் இந்தத் தலைகீழ்க் கணக்குக்குப் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஓவியர் முதலில் ஒரு படம் வரைந்துவிட்டு, அதைப் பலகை வழியாக நகலெடுக்கிறார் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படித் தனியாக ஒரு மூலப்படம் எங்கும் இல்லை. பலகை வெறும் கருவி. தாளில் விழுந்த ஒவ்வொரு அச்சும் அசல். இருபத்தைந்து தாள் எடுத்தால் இருபத்தைந்தும் அசல். 1930களின் அமெரிக்காவில் கையில் காசில்லாத ஓவியருக்கும், காசில்லாத பார்வையாளருக்கும் இந்த ஒரு குணம் பெரிய வழியைத் திறந்துவிட்டது.

ஏன் அந்தக் காலத்தில்?

1929 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்தது. பெருமந்தம் எனப்படும் பொருளாதார வீழ்ச்சி அதோடு தொடங்கியது. 1933 வாக்கில் அமெரிக்காவில் உழைக்கும் மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த நிலையில் ஓவியம் வாங்க யார் வருவார்கள்? படக்கூடங்களை நம்பி வாழ்ந்த ஓவியர்கள் நிவாரண வரிசைக்கு வந்தார்கள்.

அரசு 1933 டிசம்பரில் பொதுப்பணிக் கலைத் திட்டம் என்ற ஒன்றைத் தொடங்கி, 1934 நடுப்பகுதி வரை நடத்தியது. அந்தச் சில மாதங்களில் சுமார் 3,700 கலைஞர்களுக்குச் சம்பளம் கிடைத்தது. அதைவிடப் பெரியது 1935 ஆகஸ்டில் வந்த கூட்டாட்சிக் கலைத் திட்டம். டபிள்யூ.பி.ஏ. என்ற வேலைவாய்ப்பு அமைப்பின் கீழ், ஹோல்கர் கேஹில் தலைமையில் அது 1943 வரை நடந்தது. நியூயார்க்கில் அதில் சேர்ந்த ஓவியருக்கு வாரத்துக்கு ஏறக்குறைய 24 டாலர் கூலி. கொத்தனாரும் சாலைப் பணியாளரும் எந்த அடிப்படையில் நிவாரண வேலை பெற்றார்களோ, ஓவியருக்கும் அதே அடிப்படைதான். இந்தத் திட்டத்தின் அச்சுப் பிரிவுகளில் 11,000க்கும் மேற்பட்ட படங்கள் உருவாகி, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்களாக வெளியே வந்தன. அவை பள்ளிகள், நூலகங்கள், மருத்துவமனைகள் போன்ற வரிப்பணத்தில் நடக்கும் இடங்களின் சுவர்களுக்குப் போயின.

அரசுக்கு வெளியிலும் இதே எண்ணம் வேலை செய்தது. 1934-இல் தொடங்கிய அசோசியேட்டட் அமெரிக்கன் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனம், கையொப்பமிட்ட அசல் அச்சுப்படத்தை 5 டாலருக்கு விற்றது. 1936 டிசம்பரில் அமெரிக்கக் கலைஞர் காங்கிரஸ் என்ற ஓவியர் அமைப்பு ஒரே 100 அச்சுப்படங்களை 30 நகரங்களில் ஒரே நேரத்தில் காட்சிக்கு வைத்தது. அசல் பலவாக இருப்பதால் மட்டுமே முடிகிற செயல் இது. ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்தை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது.

அச்சுமுறைகளிலேயே மரச்செதுக்குக்குத் தனியான சாதகம் ஒன்று உண்டு. கல்லச்சுக்குச் சுண்ணாம்புக்கல்லும் அதற்குரிய அழுத்து எந்திரமும் வேண்டும். எச்சிங்குக்குச் செப்புத் தகடும் அமிலமும் கனமான உருளை எந்திரமும் வேண்டும். அரசுப் பட்டறைகளில் இவை இருந்ததால் அங்கே கல்லச்சு ஏராளமாக நடந்தது. பட்டறை இல்லாத ஊரில், வாடகை அறையில் இருந்தவருக்கு ஒரு பைன் பலகை, இரண்டு உளி, ஒரு உருளை, கொஞ்சம் அச்சு மை, சமையலறை மரக்கரண்டி போதுமானதாக இருந்தது.

செடி எதற்கு?

அந்தக் காலத்து அச்சுகளில் இலவச ரொட்டிக்கு நிற்போர் வரிசையும் சுரங்கத் தொழிலாளியும் அதிகம் பேசப்படுகின்றன. அது நியாயம்தான். கூடவே சன்னலோரத்து ஜெரேனியம், கள்ளி, பெகோனியா, ரப்பர் செடி, பாம்புச் செடி என்று தொட்டிச் செடிப் படங்களும் வந்துகொண்டே இருந்தன. அவற்றை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குவது தவறு. உட்கார வைத்து வரைய ஓர் ஆளுக்குக் கூலி கொடுக்க வேண்டாம், பயணச் செலவு இல்லை, நகராமல் நிற்கும். அதையும் தாண்டி, மரச்செதுக்கின் அத்தனை சிக்கல்களும் ஒரு தொட்டிச் செடிக்குள் இருக்கின்றன. மெல்லிய தண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக விழும் இலைகள், வளைந்த மண்தொட்டி, மேசைமேல் நிழல், பின்னால் வெளிச்சம். பழகுபவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

பலகையிலிருந்து தாள்வரை

முதல் முயற்சிக்கு 6 அங்குலம் அகலம், 8 அங்குலம் உயரம், முக்கால் அங்குலத் தடிமன் உள்ள பலகை சரியாக இருக்கும். பைன், பாஸ்வுட் போன்ற மென்மரங்கள் உளிக்கு எளிதில் வழிவிடும். செர்ரி, பேரி மரங்கள் கடினமானவை. மெல்லிய கோட்டைத் தாங்கும். பலகையின் நீளவாட்டு முகத்தில் செதுக்குவதுதான் மரச்செதுக்கு. மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் நுண்ணிய கருவிகளால் செய்யும் முறை வேறு. அதில் மயிரிழைக் கோடுகள் வரும், படம் பொதுவாகச் சிறியதாக இருக்கும். இன்று பழகுபவர்கள் நல்ல முகப்புள்ள பிளைவுட்டையோ, மர நாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையையோ எடுக்கிறார்கள். எம்.டி.எஃப்.-இல் ரேகை இல்லாததால் எந்தத் திசையிலும் வெட்டலாம். ஆனால் மரத்தின் ரேகை தாளில் விழும் அழகு கிடைக்காது. தண்ணீர் பட்டால் உப்பிவிடும்.

ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதை வரைவதற்கு முன்பே பார்க்க வேண்டும். தண்டு மேல்நோக்கிப் போகிற செடி என்றால் ரேகையும் மேலும் கீழுமாக ஓடும்படி பலகையைத் திருப்பிக்கொள்ளுங்கள். ரேகைக்குக் குறுக்காக நிற்கும் 1 மில்லிமீட்டர் மேடு, உளியின் சிறு இடிக்கே பிய்ந்துவிடும். ரேகையோடு ஓடும் அதே மேடு இருபத்தைந்து தாள்வரை தாங்கும். தொட்டிச் செடிப் படத்தில் தண்டு உடைந்தால் படமே போயிற்று என்பதால், அழகுக்கு முன்னால் இந்த முடிவை எடுத்தாக வேண்டும்.

அச்சில் இடமும் வலமும் மாறும். செடி இடப்பக்கம் சாய வேண்டுமானால் பலகையில் வலப்பக்கம் சாய வேண்டும். டிரேசிங் தாளில் வரைந்து, அதைக் கவிழ்த்துப் போட்டுப் பலகைக்கு மாற்றினால் போதும். வரைந்த பிறகு, தண்ணீராகக் கரைத்த கறுப்பு மையைப் பலகைமேல் மெலிதாகப் பூசிவிடுங்கள். அப்போது வெட்டிய இடம் வெளிர் மரமாகப் பளிச்சென்று தெரியும். செதுக்கும்போதே படம் எப்படி விழும் என்று ஓரளவு பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது பெரிய கேள்வி: பின்புலம் கறுப்பா, வெள்ளையா? வெள்ளை என்றால் செடியைச் சுற்றியுள்ள மரம் முழுவதையும் எடுக்க வேண்டும். தண்டும் இலைநுனியும் தனித்து நிற்கும் மேடுகளாகிவிடும். உழைப்பும் அதிகம், உடையும் வாய்ப்பும் அதிகம். கறுப்பை விட்டுவிட்டு இலையின் விளிம்பையும் நரம்பையும் வெளிச்சக் கோடுகளாக வெட்டினால் வேலை பாதியாகும், படமும் உறுதியாக நிற்கும். தொடங்குபவர்கள் தயங்காமல் கறுப்புப் பின்புலத்தையே எடுக்கலாம். அதிலும் பாம்புச் செடி நல்ல தேர்வு: நீண்ட வாள்போன்ற இலைகள் ரேகையோடு ஓடும், குறுக்கே வரும் பட்டைகளை வி-உளியின் (வி வடிவ முனையுள்ள உளி) சிறு சிறு வெட்டுகளாலேயே காட்டிவிடலாம். ஜெரேனியத்தின் வட்ட இலை அழகானது, ஆனால் விளிம்பைச் சுற்றி வரும்போது உளி இரண்டு இடங்களில் ரேகையை எதிர்த்துப் போக வேண்டியிருக்கும். அங்கே பலகையைத் திருப்ப வேண்டுமே தவிர, கையை முறுக்கக் கூடாது.

செதுக்கும் முறைக்கு வருவோம். முக்கியமான கோட்டின் ஓரத்தில் முதலில் கத்தியால் ஒரு கீறல்; அதற்குப் பிறகு உளி. கீறல் இருந்தால் சிராய் கோட்டைத் தாண்டி ஓடாது. கத்தியைச் செங்குத்தாகவும் பிடிக்கக் கூடாது, கோட்டின் அடிப்பக்கமாகச் சாய்த்தும் வெட்டக் கூடாது. மேட்டின் அடி அகலமாகவும் உச்சி குறுகலாகவும், கரைபோல நிற்கும்படி வெளிப்பக்கம் சரித்து வெட்ட வேண்டும். அடி குறுகிய கோடு, ஐந்தாவது ஆறாவது தாளிலேயே மடிந்து உடைவதைப் பார்க்கலாம். பள்ளம் 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழம் போதும். வெற்றிடம் பரந்ததாக இருந்தால் நடுவில் இன்னும் ஆழமாக்குங்கள். இல்லாவிட்டால் தேய்க்கும்போது தாள் தொய்ந்து அடியைத் தொட்டு மையை இழுத்துக்கொள்ளும்.

மண்தொட்டியின் உருட்சியைக் காட்ட, தொட்டியின் வளைவையே பின்பற்றிக் கோடுகள் போடுங்கள். வெளிச்சம் விழும் பக்கம் கோடுகள் அகலமாகவும் நெருக்கமாகவும், நிழல் பக்கம் மெலிந்து விலகியும் போகட்டும். தொட்டியின் விளிம்பு ஒரே அகலமான வெளிச்சப் பட்டையாக இருந்தால் தொட்டி உடனே கண்ணுக்குப் பிடிபடும். மேசைமேல் விழும் நிழலைத் தொடவே வேண்டாம்.

உளி எப்போதும் கூர்மையாக இருக்க வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை தோல்பட்டையில் நான்கைந்து இழுப்பு. மழுங்கிய உளி வெட்டாது, மரத்தை நசுக்கும். நசுங்கிய ஓரம் தாளில் பிசிறாகத் தெரியும். மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் தேவைப்படுவதால் வழுக்கிக் கையைக் கிழிப்பதும் அதுதான். மற்றக் கை எந்நேரமும் உளிமுனைக்குப் பின்னால் இருக்கட்டும். பலகை நகராமல் இருக்க மேசையில் ஒரு தடுப்புக் கட்டை பொருத்திக்கொள்ளுங்கள்.

வெட்டியதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது என்பதால், முடிந்துவிட்டது என்று தோன்றுவதற்கு வெகு முன்பே சோதனை அச்சு எடுக்க வேண்டும். மை இல்லாமலும் பார்க்கலாம்: மெல்லிய தாளைப் பலகைமேல் வைத்துப் பென்சிலின் பக்கவாட்டால் உரசினால் மேடுகள் கறுப்பாகத் தெரியும். பெரும்பாலான முதல் பலகைகள் கெடுவது குறைவாக வெட்டியதால் இல்லை. நிறுத்தத் தெரியாமல் வெட்டி, இலைகளின் கறுப்பையெல்லாம் எடுத்துவிடுவதால். தவறுதலாகப் பெரிய சிராய் ஒன்று முழுதாகப் பெயர்ந்தால் மட்டும் அதை உடனே பசை வைத்து அதே இடத்தில் ஒட்டி ஓர் இரவு விட்டால் தப்பிக்கலாம்.

மையும் தாளும்

எண்ணெய் மை அரைத் தேக்கரண்டி அளவு கண்ணாடிப் பலகையில் போட்டு உருளையால் விரியுங்கள். சரியான பதத்தில் உருளை மெல்லிய, ஒரே சீரான ‘ஸ்ஸ்’ ஒலி எழுப்பும். பிசுபிசுவென்று பிய்கிற ஒலி வந்தால் மை அதிகம். பலகையில் ஒரே தடவையில் கனமாகப் பூசாமல் மூன்று நான்கு மெல்லிய பூச்சாகப் போட வேண்டும். ஒவ்வொரு முறையும் உருளையின் திசையை மாற்றுங்கள். புது மரம் மையை உறிஞ்சும். முதல் இரண்டு மூன்று தாள்கள் வெளிறித்தான் வரும், அவற்றுக்கு மலிவான தாள் போதும்.

கையால் தேய்ப்பதற்குத் தாள் மெலிதாகவும் நார் உறுதியாகவும் இருக்க வேண்டும். 40 முதல் 60 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரையுள்ள ஜப்பானிய மல்பெரித் தாள் மிகப் பொருத்தம். 300 ஜி.எஸ்.எம். வாட்டர்கலர் தாளைக் கரண்டியால் எவ்வளவு தேய்த்தாலும் முழுக் கறுப்பு விழாது. அதற்கு எந்திர அழுத்தம் வேண்டும். தாளை நடுவிலிருந்து கீழிறக்கி, ஒரு கையால் அசையாமல் பிடித்து, மரக்கரண்டியின் முதுகால் சிறு வட்டங்களாக நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்க்கவும். ஒரு மூலையை மட்டும் தூக்கிப் பார்க்கலாம். வெளிறிய இடம் இருந்தால் தாளை அப்படியே இறக்கி மறுபடி தேய்க்கலாம்.

கறுப்பில் உப்புத் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தால் மை குறைவு அல்லது அழுத்தம் குறைவு. இலை நரம்புகள் அடைத்துப்போனால் மை அதிகம். பலகையை மைபோடாமல் இரண்டு தாள்களில் அழுத்தியெடுத்தால் பள்ளம் திறக்கும். கோடு இரட்டையாகத் தெரிந்தால் தேய்க்கும்போது தாள் நகர்ந்திருக்கிறது. வெற்றிடத்தில் சிறு கீற்றுகள் விழுவது பிழையல்ல. உளி போன தடம் அது. பல ஓவியர்கள் அதைச் செடியைச் சுற்றிய காற்றசைவாகவே விட்டுவைத்தார்கள். அச்சுகளைக் கயிற்றில் தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். எண்ணெய் மை காய மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் ஆகும்.

வண்ணத்துக்கு ஒரு குறுக்குவழி

ஜப்பானிய முறையில் வண்ணத்துக்கு ஒரு பலகை வேண்டும். ஐந்து வண்ணம் என்றால் ஐந்து பலகை, ஐந்தும் மயிரிழை பிசகாமல் பொருந்த வேண்டும். மசாசூசெட்ஸின் கடலோர ஊரான ப்ராவின்ஸ்டவுனில், 1915 வாக்கில், பி.ஜே.ஓ. நார்ட்ஃபெல்ட் என்ற ஓவியர் ஒரே பலகையில் எல்லா வண்ணங்களையும் எடுக்கும் வழியைக் கண்டார். வடிவங்களுக்கு இடையில் ஒரு மெல்லிய பள்ளம் மட்டும் வெட்டப்படும். வேறு எதையும் செதுக்குவதில்லை. அந்தப் பள்ளம் தாளில் வெள்ளைக் கோடாக நிற்கும். இதற்கு வெள்ளைக்கோட்டு மரச்செதுக்கு என்று பெயர்.

தாளின் ஓர் ஓரத்தைப் பலகையோடு ஊசிகளால் குத்திவிட வேண்டும். பிறகு ஓர் இலைக்கு மட்டும் தூரிகையால் வாட்டர்கலர் பூசி, தாளை இறக்கி, கரண்டியால் தேய்த்து, தூக்கி, அடுத்த இலைக்குப் போக வேண்டும். தாள் குத்தியிருப்பதால் எத்தனை முறை இறக்கினாலும் அதே இடத்தில்தான் உட்காரும். வண்ணம் அதிகம் நீர்த்திருந்தால் பள்ளத்தில் வழிந்து வெள்ளைக் கோடு மறையும். பூசிவிட்டுத் தாமதித்தால் மரம் குடித்துவிடும், தாளில் வெளிறிய சாயல் மட்டும் தெரியும். சின்னச் சின்னப் பரப்பாகச் செய்வதே ஒரே தீர்வு. செதுக்குவது சுலபம், அச்செடுப்பதுதான் நீண்ட வேலை. ஒரு தாளுக்கே பல மணி நேரம் பிடிக்கும். ஒவ்வொரு தாளிலும் வண்ணத்தை மாற்றலாம் என்பதால் ஒரே பலகையின் இரண்டு அச்சுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை.

இந்த முறையை மிக உயர்த்தியவர் மேற்கு வர்ஜீனியாவில் பிறந்த ப்ளாஞ்ச் லஸெல், 1878–1956. பொருள்களைத் தளங்களாகப் பிரித்துக் காட்டும் கியூபிச ஓவியமுறையைப் பாரிஸில் பயின்றவர். ப்ராவின்ஸ்டவுன் படகுத்துறையில் அவருடைய கலைக்கூடம் இருந்தது, அதைச் சுற்றித் தொட்டிகளில் பூச்செடி வளர்த்தார். பூக்களும் செடிகளும் அவருடைய பலகைகளில் தளங்களாகப் பிரிந்து அமர்ந்திருப்பதைப் பார்த்தால், வெள்ளைக் கோடு எவ்வளவு கச்சிதமாக இலை விளிம்பின் வேலையைச் செய்கிறது என்று புரியும். பொதுப்பணிக் கலைத் திட்டத்தில் 1934-இல் மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில் சம்பளத்துக்குப் பணியாற்றிய கலைஞர்களில் அவரும் ஒருவர்.

பழைய அச்சு ஒன்றைக் கையில் எடுத்தால்

பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்று போதும். கறுப்பு முழுவதும் ஒழுங்கான நுண்புள்ளிகளாகத் தெரிந்தால் அது பிற்காலத்தில் எந்திரத்தில் அச்சிட்ட ஆஃப்செட் நகல். அசலில் கோட்டின் ஓரத்தில் மை நெருங்கி, நடுவைவிடக் கொஞ்சம் அடர்ந்து நிற்கும். தாளின் பின்புறத்தைச் சாய்வெளிச்சத்தில் பார்த்தால் தேய்த்த இடங்களில் லேசான புடைப்பும் பளபளப்பும் தெரியும். பரந்த கறுப்பில் மெல்லிய இணைகோடுகள் ஓடினால் அது மர ரேகை. கறுப்பு ஒரே சமமாக, கோடுகள் எத்திசையிலும் தடையின்றி வளைந்தால் மரத்துக்குப் பதிலாக லினோலியம் என்ற ரேகையில்லாத தரைவிரிப்புப் பொருளில் செதுக்கியதாக இருக்க வாய்ப்பு அதிகம். படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் தகடு அழுந்திய பள்ளம் இருந்தால் எச்சிங் வகை.

கீழே பென்சிலில் 12/25 என்று இருந்தால் இருபத்தைந்தில் பன்னிரண்டாவது என்று பொருள். எல்லாப் பெருமந்தக் கால அச்சுகளிலும் எண் இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. எண் இல்லாதது போலிக்கு அடையாளமும் இல்லை. கூட்டாட்சிக் கலைத் திட்ட அச்சுகள் பலவற்றில் ஓரத்திலோ பின்னாலோ திட்டத்தின் முத்திரை அல்லது சீட்டு இருக்கும். அதைச் சுத்தம் செய்கிறேன் என்று ஒருபோதும் அழிக்கக் கூடாது. மரச்சட்டத்துக்குள் போடும்போது அட்டையால் ஒட்டி மறைக்கவும் கூடாது. அத்திட்டத்தில் உருவான படங்களை அமெரிக்க அரசு தன் உடைமையாகவே கருதுகிறது. பொது நிறுவனங்களுக்குப் போனவை அங்கே வைத்துக்கொள்ளக் கொடுக்கப்பட்டவை. கலைஞரிடமே தங்கிய பிரதிகளும் உண்டு என்பதால், முத்திரையுள்ள தாளை யாராவது விலைக்குக் கொடுக்க வந்தால் அது யாரிடமிருந்து யாரிடம் கைமாறி வந்தது என்ற எழுத்துச் சான்றைக் கேட்டுப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.